நீளமாக ஒரு பீப், குட்டியாக இரண்டு

"மாமா, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது. ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. உள்ளேருந்து கத்துது!"

பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புக்காரி ஓடிவந்து சொன்னாள். போய்க் கேட்டேன். நீளமாக ஒரு பீப், பிறகு குட்டியாக இரண்டு. பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் இதற்கு அர்த்தம், "டிஸ்ப்ளே கார்டைக் காணோம்" என்பதுதான். திரையில் எழுதிக் காட்ட வழியில்லையே, அதனால் குரல் கொடுக்கிறது. என்ன அருமையான ஏற்பாடு!

முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் இறங்க வேண்டும். பிறகு பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடச் சொன்னேன். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பெரும்பாலும் நமக்கு உறைக்காது, ஆனால் ஒரு சில்லைக் கெடுக்க அது போதும்.

கார்டைக் கழற்றி அதன் அடி விளிம்பை லென்ஸில் பார்த்தாள். வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள். நிறம் மட்டுமல்ல, நிஜத் தங்கமேதான்! செம்பு காற்றுப்பட்டுக் கறுக்கும், தங்கம் கறுக்காது. ஆனால் அந்தப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான்! அந்தப் பட்டைகள்மேல் தூசும் விரல் எண்ணெயும் படிந்தால் மின்சாரம் தடுமாறும்.

பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாள். பேனா மையை அழிக்கும் சொரசொர ரப்பர் கூடவே கூடாது, தங்கத்தையே சுரண்டிவிடும்.

"கார்டு செத்திருந்தா?"

நல்ல கேள்வி. நோய் கார்டுக்கா, அது செருகியிருக்கும் ஸ்லாட்டுக்கா என்று கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார். அல்லது வேறு கார்டை இதே ஸ்லாட்டில் போட்டுப் பார். இரண்டையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் காரணம் தெரியாது.

அப்போதுதான் கவனித்தாள், கார்டைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ இல்லை! ஆன் செய்தால் சூடாகி விரிவதும், அணைத்தால் ஆறிச் சுருங்குவதும் தினமும் நடக்கும். மானிட்டர் கேபிளின் இழுப்பு வேறு. கார்டு மெல்ல மெல்ல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுவிட்டது.

'டக்'கென்று சத்தம் வரும்வரை கார்டை நேராக அழுத்தி, ஸ்க்ரூ போட்டு, ஆன் செய்தோம். திரை வந்தது. மவுஸ் அசையவில்லை! மவுஸின் பச்சை நிற வட்டப் பிளக்கை, கம்ப்யூட்டரை ஆன் செய்த பிறகுதான் செருகியிருக்கிறாள். 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த இந்த பி.எஸ்./2 வகை, யு.எஸ்.பி. மாதிரி ஓட்டத்தில் செருகுவதற்காகச் செய்ததல்ல. கம்ப்யூட்டர் எழும்போதே அது இருக்க வேண்டும்.

அணைத்து, மறுபடி ஆன் செய்தாள். குட்டியாக ஒரே ஒரு பீப்.

"இது என்ன சொல்லுது மாமா?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது."