செக்கு மட்டும் போதுமா? - கோவை மத்திய சிறைக் கட்டிடத்தை முன்வைத்து

காலியாகப் போகும் ஒரு சிறைச்சாலையை என்ன செய்வது என்பது கட்டிடக்கலை பற்றிய கேள்வி மட்டுமல்ல. யாரை நினைவில் வைத்துக்கொள்வது, யாரை மறந்துபோவது என்ற கேள்வி அது. ஆகவே அரசியல் கேள்வி.

காந்திபுரத்தில் சுமார் 165 ஏக்கர் நிலத்தில் இருக்கும் கோவை மத்திய சிறை 1872இல் தொடங்கப்பட்டது. 2010இல் இங்கு நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, இந்த நிலத்தில் செம்மொழிப் பூங்கா அமையும் என்று அறிவித்தார்கள். 45 ஏக்கரில் முதல் கட்டப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. ஊருக்கு வடக்கே பிளிச்சிக்குச் சிறையை மாற்றிவிட்டு, மீதி நிலத்தையும் பூங்காவோடு சேர்ப்பது திட்டம். பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காந்திபுரத்துப் புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே நிழல் வேண்டும்தான். ஆனால் அந்தக் கட்டிடத்தை என்ன செய்யப்போகிறோம்? இதை இப்போதே பேசியாக வேண்டும். இடித்த பிறகு பேசிப் புண்ணியமில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். சென்னையில் 1837இல் கட்டப்பட்ட மத்திய சிறையிலிருந்து கைதிகள் 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009இல் சில நாட்கள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். சனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அப்புறம் இடித்துவிட்டார்கள். மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் நெருக்கடி நிலைக் கைதிகள் அடிபட்ட அந்தச் சுவர்கள் போனது போனதுதான்.

பெங்களூரில் பழைய மத்திய சிறையை 2008இல் ‘சுதந்திரப் பூங்கா’ ஆக்கினார்கள். காவல் கோபுரத்தையும் சில கொட்டடிகளையும் விட்டுவைத்தார்கள். ஆனால் 2021இல் வந்த காவல்துறை ஆணைப்படி, நகரத்தில் ஆர்ப்பாட்டம், தர்ணா எதுவானாலும் அந்தப் பூங்காவுக்குள்தான் நடத்தவேண்டும். எதிர்ப்பவர்களை ஒரு காலத்தில் எங்கே பூட்டினார்களோ, அங்கேயே எதிர்ப்பையும் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்கள். கட்டிடம் மாறினாலும் அதிகாரத்தின் தர்க்கம் மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உருகுவேயின் தலைநகரான மான்டிவிடியோவில் புன்டா கரேட்டாஸ் என்றொரு சிறை. 1971இல் நூற்றுக்கும் மேற்பட்ட துபமாரோ கெரில்லாக்கள் சுரங்கம் தோண்டித் தப்பிய இடம். பிற்பாடு அந்நாட்டின் குடியரசுத் தலைவரான ஹோசே முகிக்காவும் அவர்களில் ஒருவர். 1994 முதல் அது வணிக வளாகம். பழைய வாசல் அப்படியே இருக்கிறது, உள்ளே துணிக்கடை. சந்தைக்கு நினைவு தேவையில்லை. நினைவின் அலங்காரம் போதும்.

நான்காவது வழி ஜொஹானஸ்பர்க். 1908இல் காந்தியும் பின்னாளில் மண்டேலாவும் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில், 2004இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தைத் திறந்தார்கள். விசாரணைக் கைதிகளின் தொகுதியை இடித்த செங்கற்களை எடுத்தே நீதிமன்றத்தைக் கட்டினார்கள். பெண்கள் சிறையில் பாலினச் சமத்துவ ஆணையம் இயங்குகிறது. மிச்சம் அருங்காட்சியகம். காந்தியும் மண்டேலாவும் மட்டுமல்ல, அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடந்ததற்காகப் பிடிபட்ட பெயரற்ற கறுப்பினத்தவரும் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள்.

கோவைக்கு வருவோம். இந்தச் சிறை என்றதும் நமக்கு நினைவு வருவது வ.உ.சி. 1908 முதல் 1910 வரை இங்கே இருந்தார். மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு இன்றும் வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் செக்கோடு நம் நினைவு நின்றுபோவது ஏன்?

சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இடதுசாரித் தோழர்கள் சொல்லும் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று இதே சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு ஒன்றரை வருடமே பாக்கி. பஞ்சாலை நகரம் என்று பெருமை பேசும் ஊரில் இவர்கள் பெயரைச் சங்கத்துக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? 1998 குண்டுவெடிப்பு ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த வழக்கில் விசாரணைக் கைதியாக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த அப்துல் நாசர் மதானியை 2007இல் நீதிமன்றம் விடுவித்தது. இறந்தவர்களின் துயரமும் தீர்ப்பில்லாமல் கழிந்த அந்த ஆண்டுகளும் இந்த ஊரின் வரலாறுதான். ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கவேண்டியதில்லை.

‘தியாகி’, ‘குற்றவாளி’ என்ற எதிர்வை அரசு உண்டாக்குகிறது. நினைவுச் சின்னம் அதை உறுதிப்படுத்துகிறது. தியாகிக்குச் சிலை, மற்றவனுக்கு எண். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்கு. குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் அவர்கள். சாதி பார்த்துச் சமையலையும் கக்கூஸ் கழுவுவதையும் பிரித்துக் கொடுத்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 2024 அக்டோபரில்தான். ஒரு சிறை அருங்காட்சியகம் இதைச் சொல்லாவிட்டால் அது பொம்மைக் கொலுதான்.

சரி, என்னதான் செய்யலாம்? என் யோசனைகள் எளியவை. முதலில், கைதிகளை மாற்றுவதற்கு முன்பே சிறைப் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டிடத்தை இடிப்பதைவிடச் சுலபம் காகிதத்தை எரிப்பது. அடுத்து, பழைய தொகுதிகளில் ஒன்றையும் தூக்குமேடையையும் அலங்காரம் செய்யாமல் காப்பாற்றி, செக்குக்குப் பக்கத்தில் நான்கு தொழிலாளர்களின் பெயரையும் எழுதவேண்டும். இன்னொரு தொகுதியில் இலவசச் சட்ட உதவி மையமும், மூடிப்போன மில்களின் சங்க நோட்டீசுகளையும் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றையும் சேகரிக்கும் நூலகமும் இயங்கலாம். மீதி இடத்தில் தாராளமாக மரம் நடட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. சிறை என்பது கட்டிடம் மட்டுமல்ல. அது இருக்கும் இடமும்தான். ஈரோட்டிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் ‘மனு’ பார்க்க வரும் பெண்கள் இன்று கோவையில் இறங்கினால் நகரத்துக்குள்ளேயே சிறை இருக்கிறது. “பஸ்ஸை விட்டு எறங்குனா நடந்தே போயிரலாமுங்க” என்று சொல்ல முடிகிற தூரம். பிளிச்சிக்குப் போனால் இன்னொரு பஸ், இன்னொரு அரை நாள் கூலி. தண்டனை உடம்பிலிருந்து நகர்ந்து பார்வைக்கு எட்டாத மதில்களுக்குள் போனதை ஃபூக்கோ எழுதினார். நாம் அந்த மதிலையே பார்வைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளுகிறோம். பழைய சிறையை அருங்காட்சியகமாக்கிப் பாராட்டு வாங்கும் ஊர், புதிய சிறையின் வாசலுக்கு நேர் பஸ் விடுமா? கட்டிடத்தைப் பற்றி யோசனை சொல்லும் நாம் கோரிக்கைப் பட்டியலில் அந்தப் பஸ்ஸையும் சேர்த்தே எழுதுவோம்.