சொந்த ஊரை ஒட்டி அனுப்பலாம்: ஜப்பானின் ‘ஃபுருசாத்தோ’ ஸ்டாம்ப்

இன்னைக்கு எபிசோடுல ரொம்பக் குட்டியான ஒரு பொருளைப் பத்திப் பேசப்போறேன்: தபால் தலை. ஜப்பான்ல ‘ஃபுருசாத்தோ’ ஸ்டாம்ப்னு ஒரு வரிசை இருக்கு. ஃபுருசாத்தோன்னா சொந்த ஊர்.

1980-கள்ல அங்கே ஒரு கவலை. இளைஞர்கள் டோக்கியோ பக்கம் போயிட்டே இருக்காங்க, கிராமங்கள் காலியாகுது. அப்போதைய பிரதமர் நொபோரு தகேஷிதா, ‘சொந்த ஊரை வளர்ப்போம்’னு பெரும்பாலான உள்ளாட்சிகளுக்குத் தலா 10 கோடி யென் கொடுத்தார். அதே சமயத்துல, 1989 ஏப்ரல் 1 அன்னைக்கு ஃபுருசாத்தோ ஸ்டாம்ப் வெளிவர ஆரம்பிச்சது. முதல்ல வந்தவற்றில் யாமகத்தாவுக்குச் செர்ரிப் பழம், நாகானோவுக்குக் குரங்கு. யாமகத்தா, செர்ரி விளைச்சல்ல ஜப்பானிலேயே முதலிடம். நாகானோவில் பனிக்காலத்துல குரங்குகள் வெந்நீர் ஊற்றுல உட்கார்ந்திருக்கும்.

விலை 62 யென். அதென்ன 62? அதே நாள்ல 3% நுகர்வு வரி அமலுக்கு வந்தது. சாதாரணக் கடிதக் கட்டணம் 60-லிருந்து 62 யென் ஆச்சு. அதாவது, அன்றாடக் கடிதத்துல ஒட்டுற ஸ்டாம்ப் இது. முக்கியமா அந்தந்த வட்டாரத்துல வித்தாங்க, ஆனா நாடு முழுக்கச் செல்லும். யாமகத்தாவில் இருக்கிற அம்மா டோக்கியோவில் இருக்கிற பையனுக்குக் கடிதம் போட்டா, உறை மேலேயே ஊர்ச் செர்ரி போய்ச் சேரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல். சேகரிப்பவர் ஸ்டாம்பை வாங்கி ஆல்பத்துல வச்சுட்டா, தபால் துறைக்கு லாபம். காசு வந்தாச்சு, கடிதம் சுமக்க வேண்டாம். ஆனா அந்த ஊருக்கு? அதோட படம் உறைமேல ஏறி நாலு பேர் கண்ணுல பட்டால்தானே விளம்பரம்!

2008 முதல் 2016 வரை 47 மாகாணங்களுக்கும் தனித்தனியா இன்னொரு வரிசை வந்தது, ஹொக்கைடோவில் தொடங்கினாங்க. ஆனா ஜப்பானில் தபால் எண்ணிக்கை 2001-ல் உச்சம் தொட்டு, இப்போ ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2024 அக்டோபர்ல கடிதக் கட்டணமும் 84-லிருந்து 110 யென் ஆயிடுச்சு.

படங்கள் அழகாத்தான் இருக்கு. சுமந்துட்டுப் போகத்தான் கடிதம் குறையுது. அதனால, ஜப்பான் போனா ஒரு ஊர் ஸ்டாம்ப் வாங்குங்க. ஆல்பத்துல வைக்காதீங்க. யாருக்காவது ஒரு தபால் அட்டை எழுதி, அதுல ஒட்டி அனுப்புங்க.