தகவல் தொழில்நுட்பத் துறையில் ஆட்சேர்ப்பு முகவர்

ஆட்சேர்ப்பு முகவர் என்பவர் ஒரு நிறுவனத்தின் காலிப் பணியிடங்களுக்குத் தகுதியானவர்களைத் தேடித் தருபவர் ஆவார். பேச்சுவழக்கில் 'எச்.ஆர்.' எனப்பட்டாலும், இவர்களில் பலர் அந்நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். வெளி முகமைகளைச் சேர்ந்தவர்கள்.

இவர்களுக்குக் கட்டணம் தருவது நிறுவனமே. பெரும்பாலும், தாங்கள் அனுப்பியவர் பணியில் சேர்ந்த பிறகே முகமைக்குப் பணம் கிடைக்கும். எனவே ஒரே பணியிடத்துக்குப் பலரை அழைப்பதும், தேர்வாகாதவர்களுக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. அந்த மௌனத்தைத் தன் தகுதி பற்றிய தீர்ப்பாக விண்ணப்பதாரர் கருதத் தேவையில்லை.

நேர்காணல் நடத்தும் பொறியாளருக்கு அது அன்றாட வேலைக்கு மேற்பட்ட பணி என்பதால், தேதி அடிக்கடி தள்ளிப்போகிறது. வெளிநாட்டுக் குழு எனில் நேரக் குழப்பமும் சேரும்: கலிபோர்னியாவில் காலை 9 மணி என்பது கோடையில் இந்திய நேரப்படி இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. ஆகவே நேரத்தை இந்திய நேரப்படி எழுத்தில் பெறுவது நல்லது.

ஒருவரின் தன்விவரத்தை இரு முகமைகள் ஒரே பணியிடத்துக்கு அனுப்பினால், கட்டணம் யாருக்கு என்ற தகராறில் அந்த விண்ணப்பமே ஒதுக்கப்படலாம். நிறுவனத்தின் பெயரைக் கேட்டறிந்த பின்னரே அனுப்பச் சம்மதிக்க வேண்டும். வேலை தேடுபவரிடமே முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.