இயங்குதள மீள்நிறுவல்

இயங்குதள மீள்நிறுவல் என்பது பழுதடைந்த அல்லது காலாவதியான இயங்குதளத்துக்குப் பதிலாக அதனையோ வேறொன்றையோ கணினியில் மீண்டும் நிறுவும் செயற்பாடு ஆகும். தமிழ்நாட்டில் இது பேச்சுவழக்கில் "பார்மட் அடித்தல்" எனப்படுகிறது. குழப்பம் இப்பெயரிலேயே தொடங்குகிறது. பார்மட் செய்வது என்பது வன்தட்டின் ஒரு பகிர்வில் கோப்பு முறைமையைப் புதிதாக அமைப்பதாகும். அப்பகிர்வில் இருந்த கோப்புகள் அதனால் இழக்கப்படுகின்றன. மீள்நிறுவலுக்கு அது எப்போதும் கட்டாயமன்று. பயனரின் கோப்புகள் இருக்கும் பகிர்வைத் தொடாமலேயே இயங்குதளத்தை மட்டும் மாற்ற இயலும்.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாசு லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. சிற்றூர்களில் பல குடும்பங்களுக்கு அதுவே முதற் கணினி. மாணவரின் செயல்திட்டம், சான்றிதழ்களின் வருடிய படிகள், குடும்ப ஒளிப்படங்கள் ஆகியவை வேறு நகலின்றி அதிலேயே தங்கிவிடுவதுண்டு.

இத்தகைய இரட்டை நிறுவல் கணினியில் விண்டோசை மட்டும் மீள்நிறுவினால், அது தொடக்க ஏற்றியைத் தன்னுடையதாக மாற்றிவிடுகிறது. லினக்சு தொடங்காது, ஆயினும் அதன் கோப்புகள் அழிந்திரா. லினக்சுப் பகிர்வை விண்டோசு படிக்க இயலாமல், "பார்மட் செய்யவா?" என்று கேட்பதும் உண்டு. அதற்கு ஒப்புதல் அளிப்பதே உண்மையான இழப்பு.

செயல்முறை

முதற்பணி, கோப்புகள் எங்குள்ளன என்று அறிவதாகும். மேசைத்தளம், "எனது ஆவணங்கள்" ஆகியவை தனி இடங்கள் போலத் தோன்றினாலும் வழக்கமாக சி இயக்ககத்திலேயே உள்ளன. டி இயக்ககம் தப்பும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. இரண்டும் ஒரே வன்தட்டின் பகிர்வுகளாக இருந்தால், நிறுவலின்போது எல்லாப் பகிர்வுகளையும் நீக்குபவர் இரண்டையும் இழப்பார். எனவே வெளிப்புற வன்தட்டிலோ பென் டிரைவிலோ காப்பு நகல் எடுத்து, வேறொரு கணினியில் அதனைத் திறந்து பார்த்த பின்னரே தொடர வேண்டும். விண்டோசு தொடங்காத நிலையிலும், பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் உபுண்டு போன்ற லினக்சைக் கொண்டு நகலெடுக்கலாம். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவுகோல் தேவைப்படும்.

கொல்லிமலையின் வாழவந்தி நாடு போன்ற இடங்களிலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் ஒருவர், காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். நிறுவல் கோப்பு பல ஜிகாபைட் அளவுடையது. ஆகவே பழைய இயங்குதளத்தை நீக்கும் முன்பே நிறுவல் ஊடகத்தையும் வலையமைப்பு இயக்கியையும் கையில் வைத்திருப்பது நன்று. 8 ஜிகாபைட் பென் டிரைவ் பெரும்பாலும் போதும்.

விண்டோசு 10, 11 ஆகியவற்றின் மீட்டமைப்பு வசதியில் "எனது கோப்புகளை வைத்திரு" என்ற தெரிவு உண்டு. நிறுவிய மென்பொருள்கள் நீங்கும், கோப்புகள் நீங்கா. சி பகிர்வைப் பார்மட் செய்யாமல் புதிதாக நிறுவினால், பழைய பயனர் கோப்புறைகள் "விண்டோசு.ஓல்டு" என்பதனுள் நகர்த்தப்படுகின்றன. இக்கோப்புறை சில நாட்களில் தானாக நீக்கப்படலாம் என்பதால் தாமதியாது நகலெடுக்க வேண்டும். லினக்சில் "ஹோம்" தனிப் பகிர்வாக இருப்பின், அதனைப் பார்மட் குறியிடாமல் அதே பெயரில் ஏற்றி, பழைய பயனர் பெயரையே அளித்தால் போதுமானது.

எழுத்துருக்கள்

தமிழ்ப் பயனர்கள் பெரும்பாலும் மறப்பது இது. பாமினி, வானவில் போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் மீள்நிறுவலுக்குப் பின் பத்திரமாகவே இருக்கும். ஆனால் எழுத்துரு விண்டோசுக் கோப்புறையோடு போய்விடுவதால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அதனை அழித்துவிடலாகாது. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பும். எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கும் மாற்றலாம். ஒருங்குறி ஆவணங்களுக்கு இச்சிக்கல் இல்லை.