அழாத குழந்தைகள்!

பெரிய ஹால். வரிசை வரிசையாகத் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. இப்படி ஒரு இடத்துக்குள் நுழைந்தால் முதல் வேலையா என்ன பண்ணுவோம்? காதைப் பொத்திக்குவோம். அத்தனை வாண்டுகள் ஒண்ணு சேர்ந்தா சும்மாவா இருக்கும்?

ஆனால், ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்டில், அரசுக் காப்பகங்களுக்குள் போன ஆராய்ச்சியாளர்களைத் தூக்கிவாரிப் போட்டது சத்தம் இல்லை... அமைதி! பசித்தாலும், துணி நனைந்தாலும் பல குழந்தைகள் அழவே இல்லை. அழுதால் யாரும் வரப்போவதில்லை என்பது அந்த வயசிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சர்வாதிகாரி போட்ட கணக்கு

ருமேனியாவை ஆண்ட நிக்கோலே சௌசெஸ்குவுக்கு 1966-ல் ஒரு ஐடியா. மக்கள்தொகை பெருகினால் நாடு வளரும்! உடனே கருக்கலைப்புக்குத் தடை போட்டார். கருத்தடை சாதனங்களும் லேசில் கிடைக்காது. குழந்தை இல்லாதவர்களுக்கு வரி வேற! பெற்றார்கள், வளர்க்க வழியில்லை. கொண்டுபோய் காப்பகத்தில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் இருந்தார்கள்.

சோறு உண்டு, தலைக்கு மேல் கூரையும் உண்டு. ஆனால், ஏகப்பட்ட குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஆயா. ஷிப்ட் முடிந்தால் வேறு முகம். தூக்கிக் கொஞ்ச, கண்ணைப் பார்த்துப் பேச, 'என்னடா செல்லம்?' என்று கேட்க ஆள் இல்லை.

136 பேர், ஒரு குலுக்கல்

2000-ம் ஆண்டு. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் களத்தில் இறங்கினார்கள். 6 மாதம் முதல் இரண்டரை வயசு வரையிலான 136 காப்பகக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட கிடையாது. அதனால் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, சம்பளம் கொடுத்து, பயிற்சியும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் அந்த வீடுகளுக்கு. மீதிப் பேர் காப்பகத்திலேயே.

'அந்த மீதிப் பேர் என்ன பாவம் பண்ணாங்க?' என்று உங்களுக்குக் கோபம் வருதா? நியாயம்தான். இந்தக் கேள்வி இன்றுவரை கேட்கப்படுகிறது. பின்னாடி வேறு வீடு கிடைத்தால் போக யாருக்கும் தடையில்லை என்பதுதான் குழுவின் பதில்.

நாலரை வயசில் ஐ.க்யூ. எடுத்துப் பார்த்தார்கள். காப்பகக் குழுவின் சராசரி 73. வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்கள் 81. அதே ஊரில் சொந்த வீட்டில் வளர்ந்தவர்கள் 109. பயமும் மனச்சோர்வும் வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளிடம் குறைந்திருந்தன. கவனச்சிதறல் மட்டும் பிடிவாதமாகக் குறையவில்லை. இன்னொரு முக்கியமான விஷயம்... 2 வயசுக்குள் வீடு கிடைத்த குழந்தைகளின் மூளை அலைகள், 8 வயசில் மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. லேட்டாகப் போனவர்களுக்கு அப்படி இல்லை!

மூளைக்குள் என்ன நடக்குது?

குழந்தை 'ங்கா' என்கிறது. நாம் பதிலுக்கு 'ங்கா' என்கிறோம். நமக்கு அது விளையாட்டு. குழந்தையின் மூளைக்கோ அதுதான் வயரிங் வேலை. பதில் வரவர இணைப்புகள் பலப்படும். பதிலே வராவிட்டால்?

அழும்போது கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும். யாராவது தூக்கி அணைத்தால் இறங்கும். ஏறி இறங்கிப் பழகினால்தான் மூளைக்குள் பிரேக் ஒழுங்காக செட் ஆகும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு இதை எலிகளிடம் பார்த்தது. அம்மா எலி நிறைய நக்கிக் கொடுத்த குட்டிகள் வளர்ந்ததும் பதற்றமில்லாமல் இருந்தன. குட்டிகளை மாற்றி வைத்தாலும் அதே கதைதான். ஆக, பெற்ற அம்மா யார் என்பது அல்ல, வளர்ப்புதான் விஷயம்! 2004-ல் காரணமும் வெளியானது. ஸ்ட்ரெஸ் பிரேக்குக்கான ஜீனின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகளை அந்த வளர்ப்பு மாற்றியிருந்தது. ஜீன் அதேதான், ஸ்விட்ச்தான் வேறு.

அப்போ அவ்ளோதானா?

'அஞ்சில் வளையாதது அம்பதில் வளையுமா?' என்று நம்ம பாட்டி கேட்பாங்களே... அதற்கும் ஒரு பதில் இருக்கு. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை, மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வு இளைஞர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்தது. 6 மாதத்துக்குள் காப்பகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகும் கவனக்குறைவு, நட்பு, பழக்கவழக்கங்களில் சிக்கல்கள். ஆனால், அவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு எந்த வயசிலும் எந்தப் பிரச்னையும் இல்லை! சின்ன வயசில் பின்தங்கிய அறிவுத்திறனும், வளர்ந்த பிறகு பலருக்கு மீண்டுவிட்டது. அஞ்சில் வளைப்பது ஈஸி. அதுக்கப்புறம் கஷ்டம். ஆனால், முடியாததில்லை பாட்டி!

நம்ம யாருக்கும் அந்த மாதிரி காப்பகக் கதை இருக்காது. ஆனால், தினமும் சண்டை நடந்த வீட்டில் வளர்ந்தவங்க நம்ம கிளாஸ்லயே இருப்பாங்க. கதவு டமால்னு சாத்தினாலே திடுக்கிடுற ஃப்ரெண்ட், சின்ன விஷயத்துக்கும் எகிறுற ரூம்மேட்... 'அவன் கேரக்டரே அப்படி'னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த ஃப்ரெண்ட் நீங்களேதான் என்றால், மனசு விட்டுப் பேச 14416-க்குப் போன் போடலாம். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது.

அடுத்த முறை பஸ்ஸில், முன் சீட் அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் பாப்பா உங்களைப் பார்த்து 'ங்கா' சொன்னால், செல்போனைக் கொஞ்சம் உள்ளே வைங்க. பதில் சொல்லுங்க. அங்கே ஒரு வயரிங் வேலை நடந்துக்கிட்டிருக்கு!