பத்தாயத்துச் செந்நெல்: எந்த நெல்லை வைக்கலாம், எத்தனை நாள் வைக்கலாம்?

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிகிற மாசி, பங்குனி மாதங்களில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். வியாபாரி களத்துக்கே வந்து நிற்கிறார். நெல்லை அப்படியே கொடுத்துவிடலாமா, வீட்டுக்குக் கொஞ்சம் வைக்கலாமா? முந்தைய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. பலா, அயனி மரத்தில் செய்த பத்தாயம் நிறைந்த பிறகுதான் மிச்ச நெல் வண்டி ஏறும். இன்று பல வீடுகளில் பத்தாயம் பழைய துணியும் தேங்காயும் போடுகிற பெட்டியாகிவிட்டது. களத்தில் நெல்லை விற்றுவிட்டு, நான்கு மாதம் கழித்துக் கடையில் அரிசி வாங்குகிற விவசாயிகள் பெருகிவிட்டார்கள்.

வீட்டுக்கு வைக்கிற நெல்லை நல்லதாகப் பார்த்து எடுத்து, முறையாகக் காயவைத்து, ஒழுங்காகக் காத்தால் அது நாளாக நாளாகத் தரம் கூடும். தவறினால் ஆறே மாதத்தில் அந்துப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் போய்விடும்.

வைத்தால் நெல்லுக்குள் என்ன நடக்கிறது?

புது நெல்லைக் குத்திப் பொங்கினால் சோறு குழைகிறது, கஞ்சி கட்டியாகிறது, பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அதே நெல்லை ஆறு மாதம் கழித்துக் குத்திப் பொங்கினால் அரிசி கூடுதல் தண்ணீர் குடிக்கிறது, பருக்கை நன்றாகப் பெருகுகிறது, உதிரியாக நிற்கிறது. நெல்லுக்குள் இருக்கும் புரதமும் கொழுப்பும் மெல்ல மெல்ல மாறி, மாவுப்பொருளைச் சுற்றி இறுக்கம் கூடுவதுதான் இதற்குக் காரணம். இந்த மாற்றம் முதல் மூன்று, நான்கு மாதங்களில் வேகமாக நடக்கும். அதன் பிறகு வேகம் குறையும்.

பச்சரிசியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புழுங்கலில் குறைவாகத் தெரியும். நெல்லை அவிக்கும்போதே மாவுப்பொருள் இறுகிவிடுவதால் புது நெல்லின் குழைவு பாதி போய்விடுகிறது.

பாஸ்மதி அரிசியை ஓராண்டு, ஈராண்டு வைத்திருந்து கூடுதல் விலைக்கு விற்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். ஆயுர்வேதமும் ஓராண்டு கடந்த பழைய தானியத்தை எளிதில் செரிப்பதாகச் சொல்கிறது. ஜப்பானியர்களுக்கோ ஒட்டுகிற சோறுதான் பிடிக்கும், அதனால் அங்கே புது அரிசிக்குத்தான் மதிப்பு. நம் ஊரிலும் புது நெல்லுக்குத் தனி இடம் உண்டு. ஆடி மாதம் கோயில்களில் நிறைபுத்தரிக்குப் புதுக்கதிர்தான் வேண்டும். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் புது அரிசியின் குழைவு நல்லது. தினசரிச் சோற்றுக்குப் பழைய நெல்.

சிவப்புக்கு ஒரு காரணம் உண்டு

குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், சிவப்பரிசிக்கு இன்றும் தனி ருசிகர்கள் உண்டு. அந்தச் சிவப்பு அரிசியின் தவிட்டில்தான் இருக்கிறது. நாக்கில் லேசாகத் துவர்க்கும் சாயப்பொருள் அது. கருந்திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருப்பது இதே வகைத் துவர்ப்புதான்.

ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டக்காரர்கள் சிவப்பு ஒயினைக் குளிர்ந்த நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுப்பார்கள். முதலில் கரகரப்பாக இருக்கும் துவர்ப்பு, நாளாக ஆக மென்மையாகும். ஆனால் அங்கும் எல்லா ஒயினையும் வைப்பதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை. துவர்ப்பும் புளிப்பும் நன்றாக அமைந்த, நல்ல பருவத்துத் திராட்சையில் செய்தவைதான் நிலவறைக்குப் போகும். இருட்டு, குளிர்ச்சி, மாறாத வெப்பநிலை ஆகிய மூன்றும் அதற்கு அவசியம். நெல்லுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்: சரியான ரகம், சரியான பருவம், சரியான இடம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வைக்க வேண்டியது நெல், அரிசி இல்லை. உமி இருக்கும்வரை தவிட்டிலுள்ள எண்ணெய் கெடாமல் இருக்கும். உமியை நீக்கிவிட்டால் சில வாரங்களிலேயே சிக்கு வாடை தொடங்கிவிடும். ஆகவே தவிடு போகாத சிவப்பரிசியை ஒரு மாதத் தேவைக்கு மட்டும் குத்தி எடுப்பது நல்லது.

எந்தப் பூ, எந்த ரகம்?

நம் மாவட்டத்தில் இரண்டு பூ. கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில் வருகிறது. களத்தில் காயும்போதே மழை மிரட்டும். காய்ந்து உள்ளே போன கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். கும்பப்பூ அறுவடையோ மாசி, பங்குனி வெயிலில். காயவைக்க நல்ல வெயில் கிடைக்கிறது. எடவப்பாதி மழை தொடங்குமுன் இரண்டு, மூன்று மாதம் நெல் உலர்ந்த காற்றில் இருக்கிறது. அதனால் நீண்ட நாள் வைக்கக் கும்பப்பூ நெல்லைத் தேர்ந்தெடுங்கள். கன்னிப்பூ நெல்லை முதலில் தின்று தீர்த்துவிடலாம்.

ரகத்தில், நம் மண்ணின் கட்டிச்சம்பா போன்ற பருமனான நெல் வைப்புக்குத் தாங்கும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.பி.எஸ்.1 ரகம், ஐ.ஆர்.8 நெல்லோடு இந்தக் கட்டிச்சம்பாவைச் சேர்த்து உருவாக்கியதுதான். சிவப்பரிசிக்கு டி.கே.எம்.9, மாப்பிள்ளைச் சம்பா, கேரளத்தின் ஜோதி, உமா ஆகியவையும் உண்டு. எந்த ரகமானாலும் கலப்பில்லாத ஒரே ரகமாக இருக்கட்டும். கலந்த நெல் ஒரே சீராக வேகாது.

களத்தில் பார்க்க வேண்டியவை:

- கதிரில் பத்தில் எட்டுப் பங்கு மணி பழுத்த பிறகு அறுத்ததா? பச்சை மணி அதிகம் இருந்தால் வேண்டாம்.
- அறுத்த பிறகு மழையில் நனைந்து, குவியலில் சூடேறிய நெல்லை வைப்புக்கு எடுக்காதீர்கள்.
- கையில் பத்து மணியை உமி நீக்கிப் பாருங்கள். வெள்ளை வயிறு, விரிசல், கறுப்புப் புள்ளி ஆகியவை குறைவாக இருக்க வேண்டும்.
- பதர், களைவிதை, மண் ஆகியவை போகத் தூற்றிச் சுத்தம் செய்யுங்கள். தூசிதான் பூச்சிக்கு முதல் தீனி.

காய்ச்சலில்தான் பாதி வெற்றி

அறுவடை நேரத்தில் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். வைப்புக்கு 12 முதல் 13 சதவீதம் வரை இறங்க வேண்டும். 14-க்கு மேல் போனால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும்.

தார் ரோட்டில் காயவைப்பது எளிதாகத் தெரிகிறது. ஆனால் தார் கடுமையாகச் சூடேறுவதால் மணிக்குள் விரிசல் விழுகிறது, ஆலையில் குருணை அதிகமாகிறது. களத்திலோ தார்ப்பாய் மேலோ இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் குவித்து மூடிவைத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பரப்புங்கள். இரவில் குவித்து மூடும்போது உள்ளேயுள்ள ஈரம் வெளியே பரவும். மறுநாள் வெயிலில் அது எளிதில் போகும். ஒரே நாளில் அவசரமாகக் காய்ப்பதைவிட, இரண்டு மூன்று நாளில் மெல்லக் காய்ப்பது நெல்லுக்கு நல்லது.

ஈரம் பார்க்கக் கருவி இல்லையென்றால் உப்புச் சோதனை உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு மூன்று, நான்கு கரண்டி சேருங்கள். ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். பிறகு கடித்துப் பாருங்கள். நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும்.

காய்ந்த நெல்லைச் சூட்டோடு பத்தாயத்தில் கொட்டக் கூடாது. சூடு ஆறும்போது உள்ளே வியர்த்து, மேல்மட்டம் ஈரமாகும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலைப் பனி விலகிய பிறகு நிறையுங்கள்.

இடமும் காவலும்

பத்தாயத்தின் பலகை இடுக்குகளைச் சுரண்டி, பழைய நெல், தூசி எல்லாம் எடுத்து, வெயில் காட்டுங்கள். பழைய மிச்சத்தின் மேல் புது நெல்லைக் கொட்டினால், பூச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தது போலத்தான். சாக்கில் வைப்பதானால் தரையில் வேண்டாம். மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். உரமூட்டை, பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கவே கூடாது.

அந்துப்பூச்சி வயலிலேயே கதிரில் முட்டையிட்டு வீட்டுக்கு வந்துவிடும். காய்ந்த நொச்சியும் வேப்பிலையும் ஓரளவு தடுக்கும், முழுக் காவல் ஆகாது. காற்றுப் புகாத உட்பையில் நெல்லை நிரப்பி இறுக்கிக் கட்டினால், உள்ளேயுள்ள உயிர்க்காற்று குறைந்து பூச்சி தானே சாகும். பையில் ஓட்டை விழாமலும், எலி கடிக்காமலும் பார்க்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கைக்குச் சூடு பட்டாலோ, மக்கிய வாடை வந்தாலோ உடனே வெளியே கொட்டிக் காயவைத்துப் புடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நெல்லை மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அதன் நச்சு கழுவினாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடக் கொடுக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் நச்சுப்புகை மாத்திரைகளை வீட்டுக்குள் நெல்லில் போடுவது உயிருக்கு ஆபத்து. அதன் புகை, பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லும்.

வைப்பது லாபமா?

வீட்டுத் தேவைக்குக் கணக்கு எளிது. ஒரு நாளைக்கு 1 கிலோ அரிசி வேண்டிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 365 கிலோ. நெல்லில் 65 சதவீதம் அரிசி கிடைத்தால், ஏறக்குறைய 560 கிலோ நெல் போதும்.

விற்பதற்காக வைத்தால் எடைக் குறைவைக் கணக்கில் சேருங்கள். 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்த நெல், 13 சதவீதத்துக்குக் காய்ந்தால் 94 கிலோ சொச்சம்தான். உதாரணத்துக்கு, களத்தில் கிலோ 25 ரூபாய் கிடைத்திருக்கும் என்று வைப்போம். 100 கிலோவுக்கு 2,500 ரூபாய். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் ஆறு மாதத்தில் 150 ரூபாய். ஆக, 94 கிலோவுக்கு 2,650 ரூபாய் வந்தால்தான் முதல் தேறும். கிலோவுக்கு 28 ரூபாய்க்கு மேல் விலை போகாவிட்டால் வைத்தது நட்டம். சாக்கு, சேதம் தனி. கடன் நெருக்கினால் விற்றுவிட்டு வீட்டு நெல்லை மட்டும் வையுங்கள். பழைய நெல் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தால் மட்டும் கூடுதலாக வைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எத்தனை நாள் வரை வைக்கலாம்?*
ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சாப்பாட்டுக்கு அருமை. நன்றாகக் காய்ந்த நெல் இரண்டாண்டும் தாங்கும். அதற்கு மேல் அரிசி மஞ்சளாகி, மணம் குறைந்து, சத்தும் குறையும்.

*வைத்த நெல்லையே விதைக்கலாமா?*
விதை நெல்லைத் தனியாக வையுங்கள். நாளாக நாளாக முளைப்புத் திறன் குறையும். ஓராண்டுக்கு மேற்பட்டதை விதைக்குமுன், நூறு மணியை ஈரத்துணியில் கட்டி முளைக்கவைத்து எண்ணிப் பாருங்கள். 80-க்குக் குறைந்தால் விதைக்கு வேண்டாம்.

*இரண்டு பூ நெல்லையும் ஒரே பத்தாயத்தில் போடலாமா?*
தடுப்புப் பலகை இருந்தால் போடலாம். இல்லையென்றால் வேண்டாம். பலகையில் சாக்பீஸால் பூ, ரகம், நிறைத்த தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். முதலில் உள்ளே போனது முதலில் வெளியே வரட்டும்.