கேபிளை நிறுத்தப் போறீங்களா? ஒரு மாதம் பொறுங்க!

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் மொட்டை மாடியில் நிற்கும் பிள்ளைகள், 2,668 அடி உயர மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் "அரோகரா" என்று கூவிவிடுவார்கள். மாடி ஏற முடியாத பாட்டி, கீழே டிவி முன்னால் கைகூப்பிக் காத்திருப்பார். அந்த டிவியில் இன்டர்நெட் வழியாக நேரலை ஓடினால், பிள்ளைகள் கூவி அரை நிமிடம் கழித்துக்கூட பாட்டிக்குத் தீபம் தெரியலாம்.

டிவியில் கோளாறு எதுவும் இல்லை. இன்டர்நெட் நேரலையில் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்புவார்கள். தடங்கல் வராமல் இருக்க, உங்கள் டிவி சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். கேபிளிலும் தாமதம் உண்டு, ஆனால் பெரும்பாலும் சில விநாடிகள்தான். சினிமா பார்க்க இது ஒரு விஷயமே இல்லை. தீபத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் விஷயம்தான்.

"மாசா மாசம் கேபிளுக்கும் காசு, நெட்டுக்கும் காசு, எதுக்கு ரெண்டு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. நிறுத்தலாம். ஆனால் ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த மாதத்தில் வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள். எல்லாத் தமிழ்ச் சேனலும் ஒரே ஆப்பில் கிடைக்காது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சேனலைத் தன் ஆப்பில்தான் வைத்திருக்கும். மூன்று ஆப்புக்குச் சந்தா கட்டினால், மிச்சம் பிடித்த கேபிள் காசு அதிலேயே போய்விடும். டிடி தமிழ் மட்டும் போதும் என்றால், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' ஆப்பில் பார்க்கலாம். நெட்டே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ், பாக்ஸ் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது.

போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டு டிவி பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை செலவாகும். தினம் 2 ஜிபி பிளான், ஒரு சீரியல் முடிந்து அடுத்தது தொடங்கும்போதே காலி. தீபத்தன்று லட்சக்கணக்கானோர் கூடும் ஊரில் டவர் திணறும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு டிவிக்கு நல்ல படம் வர 5 எம்பிபிஎஸ் வேகம் போதும். மற்றவர்கள் போனில் பார்ப்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் கேபிள்காரரே ஃபைபரும் கொடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பல ஊர்களில் கொடுக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் டிவி ஓடும், படம் வராது!

டிவியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல இலவச கலர் டிவி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் எச்டிஎம்ஐ துளை இல்லாததால், இப்போது விற்கும் ஸ்டிக்கை நேரடியாகச் செருக முடியாது.

ஆப் சந்தாவில் ஆட்டோபே இருந்தால், ஆப்பை டெலீட் செய்தாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். கஸ்டமர் கேர் என்று யாராவது போன் செய்து ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். சந்தா, சேவை தொடர்பான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக, பாக்ஸ். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 முதல் கொடுத்து வரும் செட்டாப் பாக்ஸ் உங்களுக்குச் சொந்தம் இல்லை. இணைப்பை நிறுத்தினால் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் கேபிள் ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். பாக்ஸின் எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்படைத்ததற்குக் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். அதை அப்போதே போட்டோ எடுத்து வையுங்கள், பேப்பர் எப்படியும் தொலைந்துவிடும்.